கொள்வனவோடு கோயிலும்: பயணச் செலவில் கடைக்கு எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவு

ஹட்டனில் புடவைக்கடை வைத்திருப்பவர் சென்னைக்குச் சரக்கெடுக்கப் போனால் திருப்பதியையும் பார்த்துவிட்டுத்தான் வருவார். நுவரெலியாவில் மரக்கறி வியாபாரம் செய்பவர் தம்புள்ளைக்குக் காசு வசூலிக்கப் போகும்போது பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு அப்படியே நிலாவெளிக் கடலுக்கு விடுவார். இதில் தப்பு ஒன்றும் இல்லை. திரும்பி வந்ததும் மொத்தச் செலவையும் கடைக் கணக்கில் ‘பயணச் செலவு’ என்று ஒரே வரியில் எழுதி வைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

பிரிக்க உட்காருமுன், இந்தச் செலவை இலாபத்திலிருந்து கழித்தால் வருமான வரியில் உங்களுக்கு எவ்வளவு மிச்சமாகும் என்று பாருங்கள். இலங்கையில் 2025 ஏப்ரல் 1 முதல் தனிநபருக்கு ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா நிவாரணம் உண்டு, அதாவது அந்த அளவுக்கு வரி இல்லை. அதற்கு மேல் வரும் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம் வரி. அடுத்த மூன்று 5 இலட்சங்களுக்கு முறையே 18, 24, 30 வீதம். அதையும் தாண்டினால் 36 வீதம். வேறு வருமானம் இல்லாமல் கடை இலாபம் 24 இலட்சம் என்றால் நீங்கள் 6 வீதப் படியில் நிற்கிறீர்கள். 50,000 ரூபா பயணச் செலவைக் கழித்தால் மிச்சமாவது 3,000 ரூபாதான். அந்த 3,000க்காக நிலாவெளி அறை வாடகையை ‘வசூல் பயணம்’ என்று எழுதிப் பின்னால் ஒரு கணக்காய்வில் முழுக் கணக்கையும் சந்தேகத்துக்கு ஆளாக்குவது நல்ல வியாபாரம் அல்ல. இலாபம் 43 இலட்சத்தைத் தாண்டியவருக்கு அதே 50,000 ரூபா 18,000 ரூபாவை மிச்சப்படுத்தும். அவர் கவனமாகப் பிரித்து எழுதினால் பலன் உண்டு. இலாபம் 18 இலட்சத்துக்குக் கீழே இருப்பவருக்கு வரி விடயத்தில் இதனால் எதுவும் மாறாது. ஆனாலும் வங்கிக் கடனுக்குக் கணக்குக் காட்டும் நாளில் ஒழுங்கான கொப்பி கைகொடுக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது

2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில் இரண்டு பிரிவுகள் போதும். 11ஆம் பிரிவு, வியாபார வருமானத்தை உழைப்பதற்காக ஏற்பட்ட செலவை ‘அந்த அளவுக்கு’ கழிக்க விடுகிறது. 10ஆம் பிரிவு எதையெல்லாம் கழிக்கக்கூடாது என்று சொல்கிறது. சொந்த, வீட்டுச் செலவுகள், விருந்துபசாரச் செலவு, தண்டப்பணம் எல்லாம் அதில் அடங்கும். கடுகண்ணாவையில் வேகமாக ஓடிப் பொலிஸில் கட்டிய தண்டம், சரக்கு ஏற்றப் போன வழியில் கட்டியதாக இருந்தாலும் கழியாது. விநியோகஸ்தரை ஹோட்டலுக்குக் கூட்டிப்போய்க் கொடுத்த சாப்பாடும் கழியாது. வீட்டிலிருந்து கடைக்குத் தினமும் போய்வரும் பஸ் காசும் வீட்டுச் செலவுதான்.

இத்தனை நாள் வேலை, இத்தனை நாள் லீவு என்றால் முழுதும் கழிக்கலாம் என்ற எண் எதுவும் எங்கள் சட்டத்தில் இல்லை. இணையத்தில் தேடினால் அப்படிப்பட்ட எண்கள் நிறையக் கிடைக்கும். அவை பெரும்பாலும் அமெரிக்காவின் விதிகள். உள்நாட்டுப் பயணத்தின் முதன்மை நோக்கம் வியாபாரமாக இருந்தால் போய்வரும் கட்டணம் முழுவதையும் கழிக்கலாம் என்பதும், வெளிநாட்டுப் பயணத்தில் சொந்த நாட்கள் 25 வீதத்துக்குக் குறைவாக இருந்தால் கட்டணத்தைப் பிரிக்கத் தேவையில்லை என்பதும் அங்குள்ள வரித் திணைக்களம் அங்குள்ளவர்களுக்கு வகுத்தவை. அவற்றைக் காட்டி இங்கே வாதாட முடியாது. இங்கே உங்களிடம் இருப்பது ‘அந்த அளவுக்கு’ என்ற சொல்லும், அந்த அளவைக் காட்டும் காகிதமும்தான்.

ஒவ்வொரு துண்டிலும் ஒரே கேள்வி

கையில் உள்ள ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் எடுத்து, ‘லீவுப் பகுதி இல்லாமல் நான் தனியாகப் போயிருந்தாலும் இந்தக் காசு போயிருக்குமா?’ என்று கேளுங்கள். போயிருக்கும் என்றால் கடைச் செலவு. போயிருக்காது என்றால் வீட்டுச் செலவு. ஒரு பகுதி மட்டும் போயிருக்கும் என்றால் பிரிக்கவேண்டிய செலவு. துண்டின் பின்பக்கம் பென்சிலால் ‘க’, ‘வீ’, ‘பி’ என்று குறியுங்கள். பெரும்பாலானவை யோசிக்காமலே முதல் இரண்டில் விழும். உண்மையான வேலை ‘பி’ கட்டில்தான்.

சென்னைப் பயணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கணவனும் மனைவியும் திங்கள் காலை கட்டுநாயக்கவிலிருந்து பறந்து, பிற்பகல் சௌகார்பேட்டையில் மொத்தக் கடைகளைப் பார்க்கிறார்கள். செவ்வாய் முதல் வியாழன் வரை கொள்வனவு. அதில் ஒரு நாள் காஞ்சிபுரம். வெள்ளி, சனி, ஞாயிறு திருப்பதி. அடுத்த திங்கள் திரும்புகிறார்கள். வேலை நாட்கள் 4, சொந்த நாட்கள் 3. திரும்பும் நாள் இரண்டுக்கும் பொது என்பதால் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. தொகைகள் கணக்குக்காக நாங்கள் வைத்துக்கொண்டவை.

விமான டிக்கெட் ஆளுக்கு 56,000 ரூபா. மனைவியின் டிக்கெட் அப்படியே வீட்டுக்கு. கணவனின் டிக்கெட்டில் 7இல் 4 பங்கு, அதாவது 32,000 கடைக்கு. ஹட்டனிலிருந்து விமான நிலையத்துக்குப் போய்வர வேன் 28,000. அதிலும் 7இல் 4 பங்கு 16,000. சென்னையில் திங்கள் முதல் வியாழன் வரை 4 இரவுகள், இருவர் அறை ஓர் இரவுக்கு 14,000. அதே ஹோட்டலில் ஒருவர் அறை 11,000 என்றால் கழிக்கவேண்டியது 4 தடவை 11,000, ஆக 44,000. பாதியாக்கி 28,000 என்று எழுதி நஷ்டப்படுகிறவர்களும் உண்டு, முழு 56,000ஐயும் எழுதி மாட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. தனியாகப் போயிருந்தால் என்ன கொடுத்திருப்பீர்களோ அதுதான் அளவு. முன்பதிவு செய்யும்போதே ஒருவர் அறையின் விலை தெரியும் திரையைப் படம் பிடித்து வையுங்கள், பிறகு தேடினால் அந்த விலை இருக்காது. காஞ்சிபுரத்துக்கு வாடகைக் கார் 9,000. அது முழுதும் கடைக்கு. மனைவி பக்கத்து சீட்டில் இருந்ததால் கார் வாடகை கூடவில்லை. கடை கடையாக அலைந்த ஆட்டோ 3,000, அதுவும் கடைக்கு. திருப்பதி அறை 36,000, போய்வந்த கார் 14,000, இரண்டும் வீட்டுக்கு. சேலைகளுக்காகக் கட்டிய மேலதிகப் பொதிக் கட்டணம் 15,000 கடைக்குத்தான், ஆனால் பயணச் செலவில் இல்லை. அதையும் சுங்கத் தீர்வையையும் சரக்கின் கொள்விலையோடு சேர்க்கவேண்டும். ஆண்டு முடிவில் விற்காமல் அலுமாரியில் கிடக்கும் சேலைகளின் பங்கு அந்த ஆண்டு கழியாது.

மொத்தம் செலவானது 273,000. பயணச் செலவாகக் கழிவது 104,000. சரக்குக்கு 15,000. மீதி 154,000 வீட்டுக் கணக்கு. அந்த 154,000உம் கடைக் காசிலிருந்து போயிருந்தால் அதை எடுப்பனவு, அதாவது சொந்தத் தேவைக்கு நீங்கள் கடையிலிருந்து எடுத்த காசு, என்று எழுதுங்கள். எழுதாமல் விட்டால் காசுப் பெட்டியில் இருப்பது கணக்கோடு ஒத்துவராது. அதைச் சரிக்கட்ட வேறு பொய்ச் செலவு தேடவேண்டி வரும்.

விமானக் கட்டணத்தைப் பிரிக்கவே வேண்டாம், திருப்பதி இல்லாவிட்டாலும் அதே டிக்கெட்தானே என்று கேட்கலாம். வாதம் நியாயமானது. 5 நாள் கொள்வனவின் முடிவில் ஒரு நாள் மட்டும் தரிசனம் என்றால் நாங்களும் முழுக் கட்டணத்தையே எழுதச் சொல்வோம். சொந்த நாட்கள் பாதியை நெருங்கும்போது, பயணமே தரிசனத்துக்காகத்தான், சரக்கு ஒரு சாட்டு என்று அதிகாரி திருப்பிக் கேட்கலாம். அப்போது நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. நாள் கணக்கில் பிரித்துவிட்டால் அந்த விவாதமே எழாது. 4:3 போன்ற பயணத்துக்கு நாங்கள் பிரிக்கும் பக்கம்.

கடை பெயரில், பங்காளிகள் எல்லோர் நட்சத்திரத்துக்கும் சேர்த்துச் செய்த அர்ச்சனை கழியுமா என்று ஆண்டுதோறும் யாராவது கேட்பார்கள். கழியாது.

மனைவி வந்தது வேலைக்குத்தான் என்றால்

பல புடவைக்கடைகளில் எந்தக் கரை ஓடும், எந்த நிறம் தங்கிவிடும் என்று தீர்மானிப்பது மனைவியின் கண்தான். அது உண்மையாக இருந்தால் அவர் டிக்கெட்டையும் கழிக்க இடமுண்டு. ஆனால் பயணத்துக்குப் பிறகு அவரை ‘கொள்வனவு முகாமையாளர்’ ஆக்க முடியாது. பயணத்துக்கு முன்பே சம்பளப் பதிவில் அவர் பெயர் இருக்கவேண்டும், மாதாமாதம் சம்பளம் போயிருக்கவேண்டும், அந்தச் சம்பளம் அவர் வருமானக் கணக்கிலும் வரவேண்டும். கொள்வனவு ஓடர்களில் அவர் கையெழுத்தோ, விநியோகஸ்தரோடு அவர் பேசிய வட்ஸ்அப் செய்திகளோ இருந்தால் நல்லது. பிள்ளைகளுக்கு இந்தக் கதவு இல்லை.

சொந்த வண்டியில் போனால்

வண்டிக்கு நாள் கணக்கு வேண்டாம், கிலோமீற்றர் கணக்கு வையுங்கள். நுவரெலியாவிலிருந்து தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்துக்கு ஒரு பக்கம் 150 கிலோமீற்றர் என்று மீற்றர் காட்டினால், போய்வர 300. அங்கிருந்து நிலாவெளி போய்த் தம்புள்ளைக்குத் திரும்ப 240. மொத்தம் 540. வண்டி லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடி, எரிபொருள் லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் மொத்தச் செலவு 16,200. கடைப் பங்கு 300 கிலோமீற்றருக்கு 9,000. பின் சீட்டில் நான்கு பேர் இருந்தார்கள் என்பதற்காக இந்த 9,000ஐ மீண்டும் வகுக்கவேண்டாம், பஸ் டிக்கெட்தான் ஆளுக்கு ஆள் தனி.

மீற்றர் வாசிப்பை மூன்று இடத்தில் எழுதுங்கள்: புறப்படும்போது, வேலை முடிந்த இடத்தில், வீடு திரும்பியதும். நடுவில் உள்ள வாசிப்பைத்தான் எல்லோரும் மறப்பார்கள், பங்கு பிரிக்க அதுவே வேண்டும். புறப்படும்போது தாங்கியை நிரப்பி, திரும்பியதும் மறுபடி நிரப்பினால் எரிந்த அளவு சரியாகத் தெரியும். றம்பொடை ஏற்றத்தில் வண்டி குடிக்கும் அளவு தம்புள்ளைச் சமவெளியில் குடிக்காது என்பது உண்மைதான். அதற்காகத் தனிச் சூத்திரம் போடவேண்டாம். மொத்தத்தைக் கிலோமீற்றரால் பிரிப்பதே கேட்பவருக்குப் புரியும்.

சொந்தக் காருக்குத் தேய்மானக் கழிவு கேட்காதீர்கள். சட்டம் அதை லொறி, பஸ், பொருள் ஏற்றும் வண்டி போன்றவற்றுக்கே கொடுக்கிறது. எரிபொருளும் திருத்தச் செலவும் கடைக்கு ஓடிய பங்குக்கு மட்டும்.

இடையில் மாட்டிய நாட்கள்

சனிக்கிழமை புறக்கோட்டையில் ஒரு வேலை, திங்கள் இன்னொரு வேலை. நடுவில் ஞாயிறு. அன்று கொழும்பில் தங்கிய அறை கடைச் செலவா? ஹட்டனுக்குத் திரும்பி மறுபடி இறங்கி வரும் செலவு அறை வாடகையைவிடக் கூடுதலாக இருந்தால் கடைச் செலவென்று எழுதலாம். அந்தக் கணக்கை இரண்டு வரியில் கொப்பியில் எழுதி வையுங்கள். ஞாயிறு மாலை காலிமுகத்திடலில் வாங்கிய இறால் வடை மட்டும் வீட்டுக்கு.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்து பாதை மூடப்பட்டு, அவிசாவளையில் ஓர் இரவு அதிகம் தங்க நேரலாம். கொழும்பு வேலை முடிந்து நேரே திரும்பும் வழியில் அப்படி நடந்தால் அந்த இரவு கடைக்கு. பாதை மூடப்பட்ட செய்தியை அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். கதிர்காமம் போய்த் திரும்பும் வழியில் எல்ல பக்கம் மாட்டினால் அந்த இரவு சொந்தப் பகுதியைச் சேர்ந்தது.

பயிற்சி வகுப்புகளில் ஏமாறவேண்டாம். காலையில் 2 மணித்தியாலம் வகுப்பு, மீதி நாள் கடற்கரை என்றால் அதை முழு வேலை நாளாக எண்ணுவது கடினம். வகுப்புக் கட்டணம் தொழிலுக்கு நேரடியாகத் தொடர்புள்ளது என்றால் கழிக்கலாம், அறைக்கும் பயணக் கட்டணத்துக்கும் அரை நாள் என்று எண்ணுவது பாதுகாப்பு.

சாப்பாட்டில் அதிகம் எதிர்பார்க்கவேண்டாம். வீட்டிலிருந்தாலும் சாப்பிட்டிருப்பீர்கள் என்பதால் அது முதலில் சொந்தச் செலவாகவே பார்க்கப்படும். வேலைக்காக வெளியில் இரவு தங்கிய நாட்களில் உங்கள் ஒருவருக்கான சாப்பாட்டை, பில் இருந்தால் மட்டும், தனி வரியில் எழுதுங்கள். கேட்டால் விட்டுக்கொடுக்கத் தயாராக இருங்கள். தனி வரியில் இருந்தால் அதை மட்டும் எடுத்துவிட்டு மற்றதைக் காப்பாற்றலாம்.

டீலர் டூர்

ஹார்ட்வெயார், பெயின்ற் கடைக்காரர்களை இலக்கு முடித்ததற்காக நிறுவனங்கள் பாங்கொக்குக்கோ சிங்கப்பூருக்கோ அழைத்துப் போவதுண்டு. நீங்கள் காசு கொடுக்காததால் கழிக்க எதுவும் இல்லை. அதோடு முடிவதும் இல்லை. வியாபாரத்தின் பேரில் கிடைக்கும் அன்பளிப்பு வியாபார வருமானத்தில் சேரும். நிறுவனம் தன் கணக்கில் உங்கள் பெயரையும் தொகையையும் எழுதியிருக்கும் என்பதை மனதில் வையுங்கள். மனைவிக்கு நீங்கள் தனியாகக் கட்டிய மேலதிகப் பணம் வீட்டுச் செலவு.

மாதச் சம்பளக்காரர்கள்

தோட்ட அலுவலகத்திலோ வங்கியிலோ வேலை செய்பவருக்கு இந்தக் கழிவு எதுவும் கிடையாது. சம்பள வருமானத்திலிருந்து பயணச் செலவைக் கழிக்கச் சட்டம் இடம் தரவில்லை. வேறு ஒரு வழி உண்டு. வேலை கொடுப்பவருக்காக நீங்கள் செலவழித்த தொகையை அவர் பில்லுக்குப் பில் திருப்பிக் கொடுத்தால் அது உங்கள் வருமானத்தில் சேராது. அதையே மாதாந்தப் ‘பயணப்படி’ என்று மொத்தமாகக் கொடுத்தால் சம்பளத்தோடு சேர்ந்து வரி பிடிபடும். பண்டாரவளையிலிருந்து கொழும்புப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டு, வார இறுதியில் குடும்பத்தையும் வரவழைத்துத் தங்கினால், வெள்ளி இரவோடு அலுவலக பில்லை முடித்துச் சனிக்கிழமைக்குப் புது பில் போடச் சொல்லுங்கள். ஒரே பில்லாக வாங்கிவிட்டுப் பிறகு கோடு போட்டுப் பிரிப்பது கணக்குப் பகுதியில் எப்போதும் தகராறு.

கடை உரிமையாளர்களும் ஹோட்டலில் இப்படி இரண்டு பில் கேட்கலாம். யாரும் மறுப்பதில்லை.

புறப்படுமுன் எழுதுவது

திரும்பி வந்தபின் தயாரிக்கும் பத்துக் காகிதத்தைவிடப் புறப்படுமுன் உண்டான ஒரு வட்ஸ்அப் செய்திக்கு மதிப்பு அதிகம். ‘செவ்வாய் காலை வருகிறோம், தீபாவளிக்கு 200 சேலை வேண்டும், விலைப்பட்டியல் அனுப்புங்கள்’ என்ற செய்தியும் அதற்கு வந்த பதிலும் பயணத்தின் நோக்கத்தைச் சொல்லிவிடும். இந்தியாவுக்கு என்றால் விசா வகையையும் பாருங்கள். சுற்றுலா விசாவில் போய்விட்டு முழுதும் வியாபாரப் பயணம் என்பது கடவுச்சீட்டே மறுக்கும் கதை.

80 பக்க சீ.ஆர். கொப்பி ஒன்று போதும், தமிழிலேயே எழுதலாம். ஒரு பயணத்துக்கு ஒரு பக்கம்: திகதி, எங்கிருந்து எங்கே, யாரைச் சந்தித்தது, என்ன முடிவானது, மீற்றர் வாசிப்பு, தொகை, துண்டு எண், க-வீ-பி குறி. அன்றன்று இரவு எழுதுங்கள். மலையகத்து ஈரம் வெப்பத் தாளில் அடித்த பஸ் டிக்கெட்டுகளையும் எரிபொருள் நிலையத் துண்டுகளையும் சில மாதங்களில் வெள்ளைத் தாளாக்கிவிடும். வாங்கிய அன்றே படம் எடுத்து, பயணத்தின் பெயரில் ஒரு கோப்பில் போடுங்கள். பதிவுகளை 5 ஆண்டுகள் வைத்திருக்கவேண்டும். இந்தியப் பணத்துக்கு, அங்கீகரிக்கப்பட்ட நாணய மாற்றுனரின் துண்டு இல்லாவிட்டால் எந்த விகிதத்தில் மாற்றினீர்கள் என்பதே கேள்வியாகும்.

அதிகாரியின் கண்ணில் முதலில் படுபவை: 5,000, 10,000 என்று உருண்டையான தொகைகள், பிள்ளையின் பெயரில் உள்ள டிக்கெட், ‘4 பேர், மேலதிகக் கட்டில் 1’ என்று அச்சான அறை பில், ஒரே செலவுக்குத் துண்டும் கடனட்டைக் கூற்றும் தனித்தனியாக எழுதப்பட்டிருப்பது. எல்லாவற்றிலும் மோசமானது திகதி. போயா எனும் பௌர்ணமி விடுமுறை அன்றும் சித்திரைப் புத்தாண்டு அன்றும் புறக்கோட்டை பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும். அந்த நாளில் ‘சரக்குத் தெரிவு’ என்று எழுதியிருந்தால் நாட்காட்டியைத் திருப்பினாலே போதும்.

வரி ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. நுவரெலியா வசந்த காலக் கூட்டத்துக்குப் பயந்து மார்ச் கடைசியில் வெளியூர் கிளம்புகிறவர்களின் பயணம் இரண்டு ஆண்டுகளில் கால் வைக்கும். மார்ச் 31 இரவு வரை ஒரு பக்கம், ஏப்ரல் 1 முதல் அடுத்த பக்கம் என்று கொப்பியைப் பிரியுங்கள். தனிநபர் வியாபாரத்தைக் காசு கைமாறிய நாளில் எழுதும் காசு அடிப்படையிலும் எழுதலாம், செலவு ஏற்பட்ட நாளில் எழுதும் அட்டுறு அடிப்படையிலும் எழுதலாம். எதை எடுத்தீர்களோ அதிலேயே நில்லுங்கள். பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்யாதவர் ஹோட்டல் பில்லில் உள்ள 18 வீத வரியையும் சேர்த்தே செலவாக எழுதுவார். பதிவு செய்தவர் உள்ளீட்டு வரியாக (வாங்கும்போது கட்டிய வரியாக) திரும்பக் கோரும் தொகையை மறுபடி செலவில் போடக்கூடாது.

இலாப நட்டக் கணக்கில் உள்நாட்டுப் பயணம், வெளிநாட்டுப் பயணம் என இரண்டு வரிகள் போடுங்கள். ஆண்டின் வருமான வரி விவரத்திரட்டை நவம்பர் 30க்குள் ஒப்படைக்கவேண்டும். ஆனால் வரி அதற்கு முன்பே, ஆகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15ஆம் திகதிகளில் தவணையாகவும், மிச்சம் செப்டெம்பர் 30க்குள்ளும் கட்டவேண்டியது. பயணத்தைக் கழித்துத் தவணையைக் குறைத்துக் கட்டியபின் அந்தக் கழிவு மறுக்கப்பட்டால், குறைந்த தொகைக்கு மாதம் 1.5 வீதம் வட்டி ஓடும். துண்டுகளை விவரத்திரட்டோடு அனுப்பத் தேவையில்லை, கேட்கும்போது காட்டவேண்டும். சந்தேகம் என்றால் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் 1944 தொலைபேசி இலக்கத்தில் கேட்கலாம். கேட்ட திகதியையும் கிடைத்த பதிலையும் அதே கொப்பியில், அந்தப் பயணத்தின் பக்கத்திலேயே எழுதுங்கள்.